ஐந்நூறு லிட்டர் டேங்க்

நானும் அண்ணியும் கோவையில் கொம்புச்சா தொழில் தொடங்கினோம். தேநீரைப் புளிக்க வைத்து பாட்டிலில் அடைத்து விற்கும் பானம் அது.

"நூறு லிட்டர் டேங்கே போதும் கண்ணு" என்றார் அண்ணி. திறப்பு விழாவுக்கு வரும் சொந்தக்காரர்கள் இளக்காரமாகப் பார்ப்பார்களே என்று நான் ஐந்நூறு லிட்டர் வாங்கினேன். எல்லோரும் அதைத் தட்டிப் பார்த்து மெச்சினார்கள்.

அவ்வளவு பெரிய டேங்கில் கொஞ்சமாகப் போட மனம் வரவில்லை. நிறையப் போட்டோம், பாதிகூட விற்கவில்லை. சித்திரை வெயிலில், அறையில் தேங்கிய பாட்டில்களுக்குள் வாயு சேர்ந்துகொண்டே இருந்தது.

ஒரு மதியம் அண்ணி அந்த அறைக்குள் இருந்தபோது ஒரு பாட்டில் வெடித்தது. உடனே அடுத்தது. ஓடினேன்.

"உள்ள வந்துபோடாத கண்ணு, கண்ணாடி தெறிக்குது." குரல் மட்டும் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அப்படியே இருங்கண்ணி, வாரேன்."

ஈரச் சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நுழைந்தேன். காதோரம் இன்னொன்று வெடித்தது. அவர் கையைப் பற்றி வெளியே இழுத்துவந்தேன்.

அவர் கூந்தலிலிருந்து கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சின்னது போதும்னு அன்னிக்கு நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கோணும்" என்றார்.

அவர் அழுத்தித்தான் சொன்னார். நான்தான், டேங்கைத் தட்டிப் பார்க்கப்போகிறவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன்.