சங்கிலியோடு விட்டுப் போனவர்கள்

1991-இல் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் இருந்தது. அதிகாரிகளுக்கு மட்டும் காம்பவுண்டுக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். அதில் ஒருவருக்கு வடக்கே மாற்றல் வந்தது. சோபா, பிரிட்ஜ், பூந்தொட்டி வரைக்கும் லாரியில் ஏற்றினார்கள். நாயை மட்டும் பின்பக்கக் குழாயடியில் சங்கிலியோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

குரைக்கிற சத்தம் நின்ற பிறகுதான் யாரோ எட்டிப் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்கு என் கணவர் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வரவில்லை. தெரிந்தவருடைய டெம்போவில், சாக்கில் சுற்றிய நாயோடு வாசலில் வந்து இறங்கினார்.

"என்னங்க இது?" என்றேன்.

"செத்துக்கினு இருந்துச்சு. வேற இன்னா பண்ணச் சொல்றே?"

செம்மண் நிறத்தில் ஒரு பெட்டை நாய். கழுத்தில் சங்கிலி அறுத்த இடம் புண்ணாக இருந்தது. நான் தபால் ஆபீசில் வேலை பார்த்தேன். அங்கிருந்து, சென்னையில் தெரு நாய்களைப் பராமரிக்கிற ஓர் அம்மாவுக்கு டெலிபோன் செய்தேன். "எங்ககிட்ட இடமே இல்லம்மா. உடம்பு தேர்ற வரைக்கும் நீங்க வெச்சுப் பாத்துக்கோங்க. அப்புறம் நல்ல வீடாப் பாத்துக் குடுத்துடலாம்" என்றார். வேறு வீட்டுக்குப் போகப்போகிற உயிர் என்பதால் நாங்கள் பெயர் வைக்கவில்லை. பொண்ணு, பொண்ணு என்று கூப்பிட்டோம். அதற்கே வாலாட்டும்.

புண் ஆறியது. உடம்பு மட்டும் தேறவில்லை. தயிர் சோறு ஒரு நாள் தட்டை நக்கும் அளவுக்குச் சாப்பிடும், மறுநாள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். காய்ச்சல் வரும், போகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளிறிக் கிடக்கும். தெருமுனை வரை நடந்தால் பாதியில் உட்கார்ந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர், "வெறி புடிக்கப் போவுது, அடிச்சுப் போட்டுடுங்க" என்றார். அவரோடு நான் பேச்சை நிறுத்தினேன்.

ஊரில் இருந்த மாட்டு டாக்டர் நல்ல மனுஷர். சுற்றுப்பட்டுக் கிராமத்து மாடெல்லாம் அவர் ஒருத்தர் தலையில். நாயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் சீக்கு வந்திருக்குதாம்மா?"

எங்களுக்கு எப்படித் தெரியும்? பூச்சி மருந்து கொடுத்தார், சத்து ஊசி போட்டார். ஈரல் வேகவைத்துப் போடச் சொன்னார். ஒரு வாரம் தெம்பாக இருக்கும், மறுபடி விழுந்துவிடும். அவர் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

மழைக்காலம் தொடங்குகிற சமயம், அந்த அதிகாரி ஏதோ மீட்டிங்குக்காக வந்தவர், நாய் எங்களிடம் இருப்பதை விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கே காரில் வந்துவிட்டார். கையில் ஸ்வீட் பாக்ஸ். என் கணவர் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

காலையிலிருந்து தலை தூக்காத நாய் அவர் குரலைக் கேட்டதும் எழுந்தது. தள்ளாடித் தள்ளாடிப் போய் அவர் ஷூவில் முகத்தை வைத்துக்கொண்டது.

"அட, இன்னும் உயிரோட இருக்கே!" என்று தட்டிக்கொடுத்தார். "போன வருஷமே மூக்குல ரத்தம் வந்துச்சு. மெட்ராஸ்ல காட்டினோம். உண்ணி கடிச்சு ரத்தத்துல கிருமி ஏறியிருக்கும், டெஸ்ட் பண்ணி ரொம்ப நாள் மருந்து குடுக்கணும்னாங்க. அதுக்குள்ள டிரான்ஸ்பர் வந்துடுச்சு. ஊசி போட்டு முடிச்சுடலாம்னு கூடச் சொன்னாங்க. எங்களுக்கு மனசு வரலை."

"கட்டிப் போட்டுட்டுப் போக மட்டும் மனசு வந்துச்சா சார்?" என்றேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவருடைய மேலதிகாரிக்கும் மேலதிகாரி அந்த ஆள்.

"வாட்ச்மேன் பாத்துக்குவான்னு நினைச்சோம்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூக்குல ரத்தம் வந்துச்சுன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லிட்டுப் போயிருந்தா, டாக்டர் என்ன ஏதுன்னு தெரியாம பூச்சி மருந்து குடுத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டார் சார். நீங்க தெரிஞ்சே விட்டுட்டுப் போயிருக்கீங்க."

என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். அவர் எழுந்துகொண்டார். என் கணவர் என்னை அடக்குவார் என்று நினைத்தேன். அவர் ஸ்வீட் பாக்ஸை எடுத்துப்போய் கார் சீட்டில் வைத்தார். "கொண்டுபோயிடுங்க சார். எங்க வூட்ல யாரும் துன்ன மாட்டாங்க."

மறுநாளே வாடகைக் காரில் சென்னைக்குக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் அதே உண்ணிக் காய்ச்சலைத்தான் சொன்னார். எலும்புக்குள் ரத்தம் ஊறுவதே நின்றுபோயிருந்தது. "முன்னாடியே வந்திருந்தா பாத்திருக்கலாம்" என்றார். மாத்திரை கொடுத்தார். கொடுத்தோம். ஒரு மத்தியானம், நான் சாப்பாட்டுக்காக ஆபீசிலிருந்து வந்தபோது, பொண்ணு என் கணவரின் மடியில் தலை வைத்தபடியே போயிருந்தது. அவர் மடியை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க கம்பெனியில் அவருக்கு நைட் ஷிப்டாகவே போட்டார்கள். ஏன் என்று அவர் யாரையும் கேட்கவில்லை.

அந்த அதிகாரியை நல்லவர் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்க்கவாவது வந்தாரே என்கிறார்கள். இத்தனை வருஷம் கழித்து ஒரு நாய்க்காக இப்படிக் கொதிக்கலாமா என்று என் அக்காவே கேட்டிருக்கிறாள். கொதிக்கத்தான் செய்கிறது. அந்த ஆள் ஷூவில் அது முகத்தை வைத்துக்கொண்டதை அவள் பார்க்கவில்லை.