போட்டிக்கு வைத்த வசாபி

எங்கள் பள்ளத்தாக்கில் யாரைக் கேட்டாலும் மிசாவோவைப் பற்றி ஒரே பதில்தான் வரும்: தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் கும்பிட்டுவிட்டுச் சொல்வேன்.

நுமாசு துறைமுகத்தில் மீன் காயவைத்து விற்ற குடும்பம் அவளுடையது. இருபத்து நான்கு வயதில் தெய்ஜியைக் கட்டிக்கொண்டு அமாகி மலைக்கு, என் பக்கத்து வீட்டுக்கு வந்தாள். வந்த வாரமே என்னிடம் ஓடிவந்து வியந்தாள்.

"சிகே அக்கா, மலை முழுக்க வசாபி விளையுது. இவங்க அடுப்படியில பாத்தா கடையில வாங்கின குழாய் வசாபி விழுது இருக்கு!"

எங்கள் எல்லார் வீட்டிலும் அதே கதைதான். ஓடைத் தண்ணீரில் விளையும், மூக்கில் ஏறுகிற காரக் கிழங்கு அது. நல்ல கிழங்கு சந்தைக்குப் போகும். உடைந்தது, கோணியது, வால் நுனி எல்லாம் வீட்டுக்கு. துருவப் பொறுமை இல்லாத நாளில் குழாயைப் பிதுக்குவோம். அதில் இருப்பது பெரும்பாலும் வேறொரு காரக் கிழங்கும் பச்சைச் சாயமும்தான் என்பது தெரியாமல் இல்லை.

மிசாவோ இருபத்தெட்டு வருஷம் புருஷனோடு குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் நின்று பாத்தி பார்த்தாள். போன குளிர்காலத்தில் தெய்ஜிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. அது போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மீனும் சோறும் அவருக்கு ஈரக் காகிதம் மாதிரி ஆகிவிட்டன. இரண்டு வாய் தின்பார், குச்சிகளைக் கீழே வைத்துவிடுவார். இடுப்பு வாரில் புதிதாக மூன்று துளை போட வேண்டியிருந்தது.

"விளைஞ்சதோட வாசனை தெரியாதவன் என்ன வசாபிக்காரன்?" என்றார் ஒரு நாள். இலையுதிர்காலத்தில் வசாபி விவசாயிகள் சங்கத்தின் கிழங்குப் போட்டி நடக்கும். அதில் கடைசியாக ஒரு தடவை கலந்துகொண்டுவிட்டு, பாத்திகளைச் சித்தப்பா மகன் யசுஹிகோவிடம் விட்டுவிடுவதாக வாக்கும் கொடுத்துவிட்டார்.

மிசாவோ என்னிடம் வந்து அழவில்லை. இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியும் போகக் கூடாது, மனுஷனும் போகக் கூடாது. என்ன பண்ணியாவது அவர சாப்பிட வைக்கிறேன் பாருங்க."

அவளுக்கு வழி காட்டியது அந்தக் குழாய்தான். ஒரு நாள் பச்சை மீனோடு துளி வைத்தாள். தெய்ஜியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. உடனே என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"மூக்கு சாகல அக்கா! மோப்பந்தான் போச்சு, எரிச்சல் அப்படியே இருக்கு!"

தெய்ஜியோ தட்டைத் தள்ளிவிட்டிருந்தார். "இது அடி, சாப்பாடு இல்ல" என்றாராம். சரி, நிஜக் கிழங்கையே வேளாவேளைக்குப் போடுவோம் என்று கிளம்பினாள் இவள்.

அங்கேதான் வேடிக்கை. எங்களுக்கு விளைவிக்கத் தெரியும், சமைக்கத் தெரியாது. முதல் நாள் கொதிக்கிற மிசோ சூப்பில் போட்டாள். காரமெல்லாம் ஆவியோடு போனது. மறுநாள் காலையிலேயே துருவி மூடி வைத்துவிட்டுப் பாத்திக்குப் போனாள். மத்தியானம் திறந்தால் ஈரப் புல் வாசம்தான் மிச்சம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சின்னு சொல்வாங்க. துருவின வசாபி அதவிட மோசம்டி. கால்மணி நேரம்கூடத் தாங்காது."

"இத முன்னாடியே சொன்னா என்னவாம்?"

"நீ எங்க கேட்ட?"

அதன் பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. சுறாத்தோல் பலகையில் அழுத்தாமல் சின்ன வட்டமாகச் சுற்றித் துருவினாள். துருவியதைக் காரம் ஏறுவதற்காக, சோற்றைக் கிண்ணத்தில் போடுகிற நேரம் மட்டும் அப்படியே விட்டாள். கொழுப்புள்ள பன்றி இறைச்சியை வாட்டி அதன் மேல் வசாபியை வைத்தால் காரம் அடங்கி இதமாக இருப்பதைக் கண்டுபிடித்தாள். சுடுசோற்றில் உலர்மீன் சீவலைப் பரப்பி, சோயா சாஸைச் சீவல் மேல் மட்டும் விட்டாள், வசாபியைக் கரைக்கவே இல்லை. இலைத்தண்டை வெந்நீரில் வாட்டி ஜாடியில் இறுக மூடிக் குலுக்கினால் அதிலும் காரம் ஏறியது. இத்தனைக்கும் பலன், தெய்ஜி அரைக் கிண்ணம் சாப்பிட்டார். அதற்கு மேல் ஒரு பருக்கை இறங்கவில்லை.

"கொஞ்சம் சுர்ருங்குது. அவ்ளோதான்" என்பார்.

காரணம் அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் துருவியதெல்லாம் வால் நுனி, ருசி குறைந்த பக்கம். சந்தைக் கிழங்கில் கைவைக்க எங்களில் எவளுக்கும் மனசு வராது. விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி அது.

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம் கூடை கேட்க அவள் வீட்டுக்குப் போனேன். பலகை மேல் சிவப்பு நூல் கட்டிய கிழங்கு கிடந்தது. போட்டிக்கென்று தெய்ஜி ஊற்றுத் தண்ணீரில் தனியாக வைத்திருந்தது. இலைத்தண்டுகளை ஏற்கெனவே வெட்டிவிட்டிருந்தாள்.

"அடிப்பாவி! அவரு உன்னக் கொன்னுடுவாருடி!"

"கொல்லட்டும். கொல்றதுக்குத் தெம்பு வேணும், தெம்புக்குச் சாப்பிடணும்ல?"

அவள் தலைப்பக்கத்திலிருந்து துருவிக்கொண்டிருக்கும்போதே தெய்ஜி உள்ளே வந்தார். நூலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன காரியம் பண்ணிட்ட? ஒண்ணரை வருஷம்! பச்சப் புள்ளையப் பாக்குற மாதிரி பாத்தேன்!"

"யாருக்காக? மூணு நடுவருங்க மோந்து பாத்துட்டுப் பரிசுச் சீட்டு ஒட்டுறதுக்கா? உங்க முதல்தரக் கிழங்க நீங்க ஒரு நாளாவது தின்னிருக்கீங்களா?"

 நாற்பது வருஷமாக அவர் ஒரு தடவைகூடத் தின்றதில்லை. மிசாவோ சோற்றின் மேல் குவித்துக் கிண்ணத்தை முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க. அப்புறம் திட்டுங்க."

கோபத்தில் பெரிய வாயாக அள்ளிப் போட்டுக்கொண்டார். காரம் மூக்கில் ஏறியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், கண்ணீர் தாடைவரை வழிந்தது. எனக்கு உண்மையிலேயே பயமாகிவிட்டது. மெல்ல மூச்சு விட்டார். மென்றார். இரண்டாவது வாயை நிதானமாக எடுத்தார்.

"இனிக்குது" என்றார்.

கிண்ணம் காலியானது. பிறகு அவர் மிச்சக் கிழங்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே கொஞ்சம் துருவி, விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"காரம் முந்திக்குது, இனிப்பு பின்தங்குது. அப்படின்னா இது விளைஞ்ச மூணாவது பாத்தியில தண்ணி தேங்குது. மணல அள்ளிப்போட்டுப் புதுசா பரப்பணும்."

"அதான் யசுஹிகோ பரப்புவாருல்ல" என்றாள் மிசாவோ, அவர் பக்கம் பார்க்காமலே.

"அவனுக்கு என்ன தெரியும்?" என்று கிண்ணத்தை நீட்டினார் தெய்ஜி. "சோத்தப் போடு."

அவள் வாங்கிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். தோள் குலுங்கியது. இத்தனை மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான், அதுவும் வசாபியை ஒரு துளிகூட வாயில் வைக்காமல்.