நாகரத்னாவின் புதுநன்மை

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காலைப் பூசை முடிந்து வீடு திரும்பும்போது எதிர்வீட்டுப் பத்மாம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பார்ப்பார். வீட்டுக்குள் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களோடு தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறவர். "என்ன சார், உங்க கோயில்ல பிரசாதம் ஒண்ணும் தரமாட்டாங்களா?" என்பார். "தருவாங்கம்மா. அங்கயே சாப்பிட்டுருவோம்" என்பேன். "அங்கயேவா? அப்ப வூட்ல இருக்கறவங்களுக்கு?" "எங்க முறை அப்படி" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவர் பாவம் பார்த்து, சனிக்கிழமை தன் கோயிலில் கொடுத்த புளியோதரையைத் தொன்னையோடு என் மனைவியிடம் நீட்டுவார். நம் கடற்கரை ஊரிலேயே இருக்கும் உங்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அங்கே நம்மிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. தெரு முழுக்க நம் வேதக்காரர்கள்தான். கேட்க ஆளே இல்லை.

சிறுவயதில் ஊரில் எனக்கு ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த உபதேசியார் கையில் புளியம் விளாறு வைத்திருப்பார். கேள்வியை அவர் சொல்ல, பதிலை நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து கத்துவோம். அலைச் சத்தத்துக்கு மேலே எங்கள் சத்தம் கேட்க வேண்டும். பூசையில் தரும் நற்கருணை அப்பத்தில் இருப்பது யார் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்லிவிடுவோம். அர்த்தம் யாருக்கு வேண்டும்? அர்த்தம் தெருவிலேயே கிடந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, ஐ.டி.ஐ. முடித்து, இருபத்தாறு வருடங்களுக்கு முன் ஓசூரில் ஒரு பம்பு கம்பெனியில் லேத் மிஷினில் வந்து நின்றேன். இங்குள்ள பங்குக் கோயிலில் ஒரு ஞாயிறுக்குள் தமிழ்ப் பூசை, கன்னடப் பூசை, ஆங்கிலப் பூசை என்று மூன்று வரும். பதினோரு வருடங்களுக்கு முன் அப்போதைய பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, "உங்க கடற்கரைப் பக்கத்துக்காரங்களுக்கு ஜெபம் எல்லாம் மனப்பாடம். வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்க" என்றார். அன்று முதல் ஞாயிறு ஷிஃப்ட்டை யாரிடமாவது மாற்றிக்கொண்டு போய் நிற்கிறேன். "சொல்லுதேன், கேளுங்க" என்று நான் ஆரம்பித்தாலே பிள்ளைகள் சிரிக்கும். இங்கே யாரும் 'சொல்லுதேன்' என்று சொல்வதில்லை. சிரிக்கட்டும். அப்பத்தை உயர்த்திப் பிடித்து எழுந்தேற்றம் செய்வது குருவானவர். ஆனால் அது என்ன என்று ஒரு பிள்ளைக்கு முதலில் சொல்லுகிறவன் நான். கம்பெனியில் யாரும் கொடுக்காத பெரிய வேலை இது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை.

போன வருடம் ஜூன் மாதம், முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறவர்களுக்கான புதுநன்மை வகுப்பின் முதல் நாள். ஒன்பது வயதுப் பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் ஒரு பெண் முழங்காலை மடக்கி நெருக்கி உட்கார்ந்திருந்தாள். ஏதோ பிள்ளையின் அம்மா என்று நினைத்து, "பெரியவங்க வெளிய இருங்கம்மா" என்றேன். "நானும் படிக்கத்தான் வந்தேண்ணா" என்றாள். பெயர் நாகரத்னா. வயது முப்பத்தாறு. கெலவரப்பள்ளி அணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தாய் தகப்பன் இரண்டு தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. இவள் ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிற வேலை. சூசை என்ற லாரி டிரைவரை விரும்பிக் கல்யாணம் செய்தபோது அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. கோயிலே இல்லாத ஊரில் பத்து வருடம். ஓசூருக்கு வந்து ஒரு வருடம்தான். "பூசைல எல்லாரும் எந்திரிச்சுப் போய் அப்பம் வாங்கறாங்க. நான் மட்டும் பெஞ்சில குந்தினு இருக்கேன். எனக்கும் வேணும்ணா" என்றாள். "வீட்டுக்காரர் வர்றதில்லையா தங்கச்சி?" என்று கேட்டேன். "வூட்ல இருக்காரு" என்றாள். கோயிலுக்கு வராமல் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைகள் எங்கள் பங்கில் நிறைய. அதில் இன்னொருவர் என்று எண்ணி அதோடு விட்டுவிட்டேன்.

அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் தெலுங்குப் பள்ளியில். நான் சொல்லச் சொல்ல, தமிழ் ஜெபங்களைத் தெலுங்கு எழுத்தில் நோட்டில் எழுதிக்கொள்வாள். முள் குத்தி முள் குத்திக் கறுத்த விரல்கள். பக்கத்தில் இருக்கும் சிறுமி, "ஆன்ட்டி ஜிலேபி போடுறாங்க சார்" என்பாள். "நீ எழுதறது மட்டும் என்னவாம், புழு நெளியுது" என்று அவளும் விடமாட்டாள். ஞானஸ்நானம் முதலான ஏழு அருளடையாளங்களையும் பிள்ளைகளுக்கு முந்தி ஒப்பித்துவிட்டாள். ஒரு நாள் கேட்டாள்:

"அண்ணா, அந்த அப்பம் சாமியோட பிரசாதமா, சாமியா?"

"சாமியேதான்."

"மிச்சம் இருக்கறது?"

"அதுவும் சாமிதான். அதனாலதான் பெட்டியில வச்சு முழங்கால் போடுதோம்."

அடுத்த ஞாயிறிலிருந்து நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்காலிட்டு, இரண்டு கையாலும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் சொல்லிக்கொடுக்காததைச் செய்கிறாள் என்று பெருமையாக இருந்தது.

ஆனால் பெற்றோர் கூட்டத்தில் பேச்சு எழுந்தது. "வெள்ளைக் கவுன் போட்ட பிள்ளைங்க வரிசையில இவ்ளோ பெரிய பொம்பள நின்னா போட்டோ நல்லாவா இருக்கும்? அவங்களுக்கு என்ன புரிஞ்சிருக்கப்போவுது? தனியா எப்பயாவது குடுக்கலாமே" என்றார் ஒருவர். பங்குத்தந்தை என்னைப் பார்த்தார். "ஒன்பது மாசமா சொல்லிக்கொடுத்தது நீங்க. அவங்களுக்குப் புரிஞ்சிருக்கா, இல்லையான்னு நீங்கதான் சொல்லணும்." நான் எழுந்து நின்றேன். "புரிஞ்சிருக்கு ஃபாதர். அதுக்கு நான் பொறுப்பு." அதோடு கூட்டம் அடங்கியது. அவள் அந்த வரிசையில் நிற்பது இப்போது என் வார்த்தையில் நின்றது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கடற்கரையில் நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணே வெள்ளைச் சேலைதான் கட்டுவாள். அந்த நினைப்பில் இவளையும் வெள்ளை கட்டி வரச் சொல்லிவிட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "அவரு உசுரோட இருக்கறப்ப வெள்ளையாண்ணா? எங்கம்மா காதுக்குப் போச்சுன்னா என் மூஞ்சிலயே முழிக்காது." கடைசியில் சந்தன நிறத்தில் சிவப்புக் கரை போட்ட சேலை என்று முடிவானது.

பாஸ்கா என்ற ஈஸ்டர் முடிந்து இரண்டாம் ஞாயிறு. பதினேழு பிள்ளைகள், கடைசியில் நாகரத்னா. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பங்கில் அப்பத்தைக் கையில்தான் கொடுக்கிறார்கள். வாங்கிய பிள்ளை அங்கேயே வாயில் போடுகிறதா என்று பக்கவாட்டில் நின்று கவனிப்பது மறைக்கல்வி ஆசிரியரின் வேலை. பதினேழும் சரியாகப் போட்டன. நாகரத்னா முறை வந்தது. "ஆமென்" என்று கடைசி பெஞ்சுக்குக் கேட்கச் சொன்னாள். இடது உள்ளங்கையில் வாங்கினாள். இரண்டு எட்டு நகர்ந்தாள். அவளுடைய வலது கை வாய்க்குப் போகவில்லை, முந்தானைக்குப் போனது. நுனியில் வைத்து ஒரு முடிச்சுப் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டு போய் முழங்காலிட்டாள்.

என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் கண்டித்தால், 'என்ன புரிஞ்சிருக்கப்போவுது' என்று சொன்னவர் சொன்னது சரியாகிவிடும். அவளுக்கு ஜென்மத்துக்கும் தலைகுனிவு. பேசாமல் இருந்தால் ஆண்டவர் ஒரு சேலை முடிச்சில் டவுன் பஸ் ஏறிப் போய்விடுவார். போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டேன்.

"தங்கச்சி, முந்தானையில என்ன?"

"அதாண்ணா." ஒளிக்கவே இல்லை.

"ஏன் வாயில போடல?"

"அவருக்கும் வேணுமில்ல? பாதி அவருக்கு, பாதி எனக்கு. லாரி கவுந்து இடுப்பு போனதுலருந்து ரெண்டு வருசமா படுக்கையிலதான் கெடக்கறாரு. ஞாயித்துக்கெழம மணிச் சத்தம் கேட்டா செவுத்துப் பக்கம் திரும்பிக்குவாரு. அவரு பசியா கெடக்க, நான் மட்டும் எப்பிடிண்ணா தின்றது?"

பத்து மாதம். எத்தனை கேள்வி கேட்டு எத்தனை பதில் வாங்கியிருக்கிறேன். 'வூட்ல இருக்காரு' என்று அவள் சொன்ன அன்று, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் பாடம் வந்தபோதும், அது சாகக் கிடக்கிறவர்களுக்கு என்று என் உபதேசியார் சொன்ன ஒரே வரியைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன்.

பூசை முடிந்ததும் அவளைப் பீடத்துக்குப் பின்னால் உள்ள சக்கிறீஸ்து அறைக்குக் கூட்டிப்போய்ப் பங்குத்தந்தையிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று பயந்தேன். அவர் கையை நீட்டினார். முடிச்சை அவிழ்த்தபோது அப்பம் இரண்டாக உடைந்திருந்தது. "ரெண்டையும் நீங்களே சாப்பிடுங்கம்மா" என்றார்.

"அப்ப அவருக்கு ஃபாதர்?"

"அவருக்கு இப்ப நான் கொண்டு வர்றேன். நடக்க முடியாதவங்க வீட்டுக்கு ஆண்டவர் போவாரு. இதை உங்க வாத்தியார் சொல்லலையா?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "சொல்லியிருப்பாரு ஃபாதர், நான்தான் பூ வேலைல மறந்திருப்பேன்" என்றாள். பிறகு கண்ணை மூடி, இரண்டு துண்டையும் வாயில் வைத்தாள். சேலை நுனியைப் பங்குத்தந்தை தன் கையால் ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடமாகப் பார்த்துச் செடி வேரில் ஊற்றினார். கூட்டத்தில் பேசிய மனிதர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "என் கார் இருக்கு ஃபாதர், அதுலயே போயிரலாம்" என்றார்.

அவள் வீடு ஒரு லைன் வீட்டின் கடைசி. ஒரே அறை. சூசை தன் பாவங்களைக் குருவிடம் தனியாகச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று நாங்கள் வெளியே குழாயடியில் நின்றோம். வெள்ளை அங்கி போட்டவர் உள்ளே போனதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆள் போய்விட்டான் என்று நினைத்து ஒரு கன்னடக்கார அம்மா முந்தானையை வாயில் வைத்து அழ ஆரம்பித்துவிட்டார். "ஏனாய்த்து, ஏனாய்த்து" என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த கன்னடம் கேன்டீன் கன்னடம். "ஏனூ ஆகில்லா. ஊட்டா கொடக்கெ பந்தித்தீவி" என்றேன். ஒன்றும் ஆகவில்லை, சாப்பாடு கொடுக்க வந்திருக்கிறோம் என்று அர்த்தம். எங்கள் கையில் பாத்திரமும் இல்லை, பையும் இல்லை. அந்த அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனால் இருபத்தாறு வருடத்தில் நான் பேசிய கன்னடத்திலேயே அதுதான் பிழையில்லாதது என்று நினைக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். சூசையின் கன்னம் ஈரமாக இருந்தது. சிறுவயதில் பீடத்தில் மணி அடித்தவராம். 'பரலோகத்தில் இருக்கிற' என்று ஜெபத்தைச் சத்தமாகத்தான் தொடங்கினார். பாதியில் வார்த்தை தப்பிவிட்டது. உதடு மட்டும் அசைந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நாகரத்னா எடுத்துக்கொடுத்தாள். ஒரு வார்த்தை அவள் சொல்ல, ஒரு வார்த்தை அவர் சொல்ல, பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். நோட்டைப் பார்க்கவே இல்லை. அவர் நாக்கில் நற்கருணை வைக்கப்பட்டபோது, அவருக்கு முந்தி 'ஆமென்' என்று அவள் சொல்லிவிட்டாள். பங்குத்தந்தை என் பக்கம் திரும்பி, "புரிஞ்சிருக்கு" என்றார்.

இப்போது அவளும் வகுப்பில் நிற்கிறாள், பெஞ்சுக்கு இந்தப் பக்கம். புதிதாகச் சேரும் பிள்ளையிடம் அவள் கேட்கும் முதல் கேள்வி, "வூட்ல யார் யார் இருக்காங்க?" எனக்கும் ஆயரின் அனுமதியோடு ஒரு பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். பூசை முடிந்ததும் நடமாட முடியாதவர்களுக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டும். ஐந்து வீடுகள். கடைசி வீடு சூசையுடையது. சட்டையின் இடப்பக்கப் பையில் நற்கருணை வைத்த சிறிய சிமிழ். வழியில் யாரோடும் பேசக்கூடாது.

போன மாதம் ஒரு ஞாயிறு, பெங்களூர் ரோட்டைத் தாண்டுவதற்காக நின்றுகொண்டிருந்தேன். அணைத்து வைக்க மறந்த செல்போன், சட்டைக்குள் வலப்பக்கம் அதிரத் தொடங்கியது. ஊரில் இருக்கும் என் தம்பியாக இருக்கும். அங்கே அன்று கோயில் திருவிழாக் கொடியேற்றம். ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்துக்குக் கூப்பிட்டு, வேட்டுச் சத்தத்தையும் கடல் சத்தத்தையும் கேட்க வைப்பான். எடுக்கவில்லை. எடுக்கவும் கூடாது. ஒரு பக்கம் ஊர் துடித்துக்கொண்டே இருந்தது. மறுபக்கம் ஆண்டவர் சத்தமில்லாமல் இருந்தார். நான் இரண்டின் மேலும் கை வைத்துக்கொண்டு, லாரிகள் விட்ட இடைவெளியில் ரோட்டைக் கடந்தேன்.