உமாதேவி முன்னால் ஒரு செம்பு தண்ணீர்

கடலைமிட்டாய்க் கடை பாலகணேஷ் சைக்கிள் ஓட்டப்போகிறார் என்றதும் கோவில்பட்டி கடைத்தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. பாகு பதம் பார்க்கிறேன் பேர்வழி என்று நாளெல்லாம் வாயில் போட்டு வளர்த்த தொப்பை அவருடையது. "அண்ணாச்சி, சைக்கிளுக்கு ஏதும் ஆயிராம!" என்று பக்கத்துக் கடை யோகராஜ் கேலி செய்தான். மனுஷர் காதில் வாங்கினால்தானே! பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் கூட்டமாகச் சைக்கிளில் போய் நன்கொடை திரட்டி, ஊரிலுள்ள தர்ம ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்குவதாக ஏற்பாடு. அவர் மனைவி உமாதேவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு மூன்று தரம் திருநெல்வேலிக்குப் போய்த் துவண்டு திரும்புகிறாள். அந்த அலைச்சல் நிற்கும் என்றால் அவர் இமயமலையில் ஏறச் சொன்னாலும் ஏறியிருப்பார்.

விடிந்தும் விடியாததுமாக எட்டயபுரம் ரோட்டில் பயிற்சி. முதலில் முழங்கால் முட்டு இரண்டும் விட்டுவிடு, விட்டுவிடு என்று கெஞ்சின. பதம் பார்க்கிற வேலையை மிட்டாய் மாஸ்டரிடம் தள்ளிவிட்டு வாயைக் கட்டினார். மெல்ல மெல்லத் தொப்பை உள்வாங்கியது. மேட்டில் இறங்கித் தள்ளாமல் மிதிக்கவும் வந்தது. யோகராஜுக்கே ஆசை வந்து, அவனும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே கிளம்பினான்.

பயணத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கையில், மக்காச்சோளக் காட்டுப் பக்கம் பாலகணேஷுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. சைக்கிளோடு கரிசலில் சரிந்துவிட்டார். யோகராஜ்தான் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோவில் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து சேர்த்தான்.

"மதினி, வழிநெடுக தண்ணி குடிங்கன்னு சொல்லுதேன். அண்ணாச்சி பாட்டில வாயில வைக்க மாட்டேங்காவ. என்ன நேர்ச்சையோ!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உமாதேவிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. தண்ணீரை அளந்துதான் குடிக்கவேண்டும் என்று டாக்டர் அவளுக்குச் சொன்ன நாளிலிருந்து, இந்த மனுஷர் அவள் கண்ணெதிரே ஒரு வாய் குடித்ததில்லை. கூடத்திலிருந்த பானையைக்கூடக் கொல்லைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார். சாப்பிடும்போது விக்கினால் எழுந்து வெளியே ஓடுவார். ஒளித்து ஒளித்துக் குடித்தே பழகி, இப்போது நடுரோட்டில் பாட்டிலைத் தூக்கினாலும் அவளுடைய உலர்ந்த உதடுதான் நினைவுக்கு வருகிறது. மூடிவைத்துவிடுகிறார். பைத்தியக்கார மனுஷர்!

கொல்லைக்குப் போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் மொண்டுவந்து அவர் முன்னால் நின்றாள்.

"குடிங்க."

"அங்கன வச்சிட்டுப் போ உமா. பெறவு குடிக்கேன்."

"எனக்கு முன்னால குடிக்கணும். இல்லேன்னா சைக்கிளும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். உங்கள அனுப்ப மாட்டேன்."

"உனக்கு நாக்கு வறண்டு கெடக்கும்போது நான் மடக்கு மடக்குனு குடிக்கவா? எப்படிட்டி முடியும்?"

அவள் செம்பை இன்னும் கிட்டே நீட்டினாள். "டாக்டரு தண்ணியத்தான கொறைக்கச் சொன்னாவ? புருசனையுமா? நீங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்கது எனக்குத் தெரியாதா? சாவப்போறவளுக்குப் பாவம் பாக்க மாதிரில்லா இருக்கு. என் கண்ணு முன்னால வயிறு நெறயக் குடிங்க. நான் பாக்கணும்."

பாலகணேஷ் செம்பை வாங்கினார். அண்ணாந்து ஊற்றியதில் பாதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. மீதியைக் குடிப்பதற்குள் அழுதுவிட்டார். முந்தானையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டு, அவள் இன்னொரு செம்பு மொள்ளப் போனாள்.

பயணத்தன்று உமாதேவிக்கு டயாலிசிஸ். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வாசலில் எல்லாரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, பாலகணேஷ் வேர்த்து விறுவிறுத்து இறங்கி, முதல் வேலையாக அவளை வீடியோ காலில் கூப்பிட்டார்.

"வந்து சேந்துட்டம்ட்டி!"

போனை யோகராஜ் கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டு, பாட்டிலை எடுத்து அண்ணாந்து, சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். அங்கே திருநெல்வேலியில், கையில் ஊசியோடு படுத்திருந்த உமாதேவி எச்சிலை விழுங்கிக்கொண்டு சிரித்தாள்.

"மெதுவா," என்றாள். "பொரை ஏறிரப் போவுது."