வக்கீலுக்கு வார்த்தை வராத நாட்கள்

சிலமலைக் கூட்டத்தில் என் கணவர் "உங்க பட்டா..." என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் நின்றார். மைக்கைப் பிடித்திருந்த வலக்கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் கோணியது. நான் தண்ணீர் கொடுத்தேன். அந்த நேரத்தில் எதையும் கொடுக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. நீங்கள் கொடுக்காதீர்கள்.

இருபது வருடம் போடி கோர்ட்டில் ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களுக்காக வழக்காடியவர். அவர்களே தேர்தலில் நிற்கவைத்து ஒன்றியக் கவுன்சிலராக்கினார்கள். அடுத்த தேர்தலுக்கான முதல் கூட்டம் அது.

ஜீப்பிலேயே மதுரைக்கு விரைந்தோம். பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடுவது) என்றார் மருத்துவர். "நேரத்தோட கொண்டாந்துட்டீங்க. அடைப்பைக் கரைக்க மருந்து போட்டுட்டோம்."

உயிர் தப்பியது. நடையும் வந்தது. பேச்சு வரவில்லை. அபேசியா (சொல் மனதில் இருந்தும் வாயில் வராத நிலை) என்றார்கள். வாயைத் திறந்தால் "கனம்" மட்டும் வரும். நீதிபதியை விளித்துப் பழகிய சொல். காபி வேண்டுமா? "கனம்." வலிக்கிறதா? "கனம்." ஒருநாள் இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் அழுதார்.

வீடு திரும்பியதும் கட்சிக்காரர் ஒருவர் வந்தார்.

"மதினி, அண்ணனை ஜீப்புல உக்கார வச்சாப் போதும். கைய மட்டும் அசைக்கட்டும். பேசுற சோலிய நாங்க பாத்துக்கிறோம்."

நான் பதில் தேடுவதற்குள் இவர் தலை நிமிர்ந்தது. உதடு நடுங்கியது.

"மா... மாட்டேன்."

நோய்க்குப் பிறகு அவருக்கு வந்த இரண்டாவது சொல். அரசியல் அதோடு முடிந்தது. அன்று நான் கேசரி கிண்டினேன்.

தேனியில் பேச்சுப் பயிற்சி தொடங்கினோம். பயிற்சி தரும் பெண் என்னிடம்தான் கண்டிப்பாகச் சொன்னார்: "அவரு சொல்ல வர்றத நீங்க முடிச்சு வைக்காதீங்கம்மா." உண்மையில் அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

போன மாதம் போடிமெட்டிலிருந்து ஏலக்காய் பறிக்கும் பெண் ஒருவர் வந்தார். தோட்டத்தில் விழுந்து கை ஒடிந்ததும் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல, இவர் இடக்கையால் கோணல்மாணலாகக் குறித்துக்கொண்டார், ஜூனியரிடம் கொடுப்பதற்கு. கிளம்பும்போது அந்தப் பெண் தயங்கி நின்றார்.

"வக்கீலய்யா, முன்னயெல்லாம் நான் வாயத் தொறக்குறதுக்குள்ள நீங்களே பேசி முடிச்சுப்புடுவீக. இன்னைக்குத்தான் முழுசாச் சொன்னேன்."

இவர் முகம் சிவந்தது. வெட்கமா, மகிழ்ச்சியா, நான் கேட்கவில்லை.

இப்போது அவர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் தட்டில் சோறு ஆறிவிடுகிறது. ஆறட்டும். எப்போதும் சற்றுக் குளிர்ந்திருக்கும் அவருடைய வலக்கையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன். சொல் வருவதற்குச் சற்று முன்னால் அதன் விரல்கள் லேசாக அசைகின்றன.