சங்கீத ரீச்சரின் காரும் சுருதி சேராத எஞ்சினும்

பழைய காருக்குள் வேறு எஞ்சினை இறக்குவது ஆளும் சங்கிலியும் இருந்தால் முடிகிற வேலை. இறங்கின எஞ்சினை ஒழுங்காக ஓடவைப்பதுதான் எங்கள் தொழில். நடுறோட்டில் பொனற்றைத் திறந்துவைத்துவிட்டு வானத்தைப் பார்த்து நின்ற அனைவருக்கும் இது விளங்கும். விளங்காதவர்கள் புதுக்கார்க்காரர்கள். அவர்களும் ஒருநாள் எங்களிடம் வருவார்கள்.

சண்டை நடந்த காலம். திருகோணமலையில் துறைமுகப் பக்கமாக நானும் கிண்ணியா நசீர் நானாவும் சேர்ந்து கராஜ் நடத்தினோம். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்போம். எஞ்சின் எனக்கு, வயரிங் அவருக்கு. பாலையூற்றுச் சங்கீத ரீச்சர் தன் தகப்பன் விட்டுப்போன இங்கிலீஷ் காரை லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். எஞ்சின் இறுகிப்போயிருந்தது. தம்பலகாமத்தில் அவர் படிப்பித்த நாலு பெட்டைப்பிள்ளைகளுக்குச் சோதினை வருகிறது. சோதினை மண்டபத்தையோ பட்டணத்துக்கு மாற்றிவிட்டார்கள். கண்டி றோட்டில் பஸ் வந்தால் வந்ததுதான். பட்டணத்தில் தங்கவிடத் தாய்மாருக்குப் பயம். “நான் கொண்டுபோய்க் கொண்டுவாறன்” என்று ரீச்சர் சொல்லிவிட்டார். ஒரு நாள் தவறினால் பிள்ளைகளுக்கு ஒரு வருஷம் போய்விடும். எங்களிடம் இருந்தது உடைந்த ஜப்பான் வான் ஒன்றின் எஞ்சின்தான். அதையே இறக்கினோம்.

உதறல்

முதல் ஸ்ராட்டிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. நசீர் நானா சந்தோஷத்தில் கைதட்டினார். தட்டி முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. அவர் சாய்ந்து நின்ற மட்காட் அவரையும் சேர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. கதவுக் கண்ணாடி யாரும் தொடாமலே இறங்கியது. உள்ளே இருந்த ரீச்சரின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்து, அங்கேயும் ஆடியது.

எஞ்சின் சரியாகக் குந்தவில்லையென்று கீழே இரும்புத்துண்டு வைத்து முறுக்கியிருந்தோம். அதன் ஆட்டமெல்லாம் அப்படியே காரின் உடம்புக்கு இறங்கிவிட்டது. லொறி ரயரிலிருந்து ரப்பர் வெட்டி இடையில் வைக்கவேண்டும், போல்ற்றுகளுக்கும் ரப்பர் வளையம் போடவேண்டும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ரீச்சர் மெல்ல இறங்கி, சேலையைச் சரிசெய்து, இரண்டு காலும் நிலத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “நான் எஞ்சினை மாத்தத்தான் சொன்னனான் தம்பி, காரை உதறச் சொல்லேல்லையே.”

மூன்றாவது அடி

ரப்பர் வைத்தபின் உதறல் நின்றது. ஆனால் எஞ்சின் நொண்டியது. நாலு சிலிண்டருக்கு நாலு அடி விழவேண்டிய இடத்தில் மூன்றுதான் விழுந்தது. எது செத்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடுகிற எஞ்சினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போம். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாதது. நானும் நானாவும் முறைவைத்துக் கழற்றினோம். “இதுதான்” என்று நான் ஒன்றைக் காட்ட, “இல்லை, அது” என்று அவர் வேறொன்றைக் காட்டினார்.

ரீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு முன்னால் உட்கார்ந்தார். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, “இப்ப கழட்டுங்கோ” என்றார். நானா முதலாவதைக் கழற்றினார். “இல்லை, இதால அடி குறையுது. போடுங்கோ.” இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது அவருடைய கை மாறாமல் தாளம் போட்டது. “இதுதான்!” என்று கண்ணைத் திறந்தார். பிளக்கைக் கழற்றினால் அதன் வெள்ளைப் பீங்கான் வெடித்திருந்தது. நான் அசந்துபோய் ரீச்சரைப் பார்த்தேன். நானாவோ விரலை உதறி ஊதிக்கொண்டு நின்றார். கழற்றிய ஒவ்வொரு முறையும் அவருக்குக் கரண்ட் அடித்திருக்கிறது. “ரீச்சர், தாளத்தை நீங்க போடுறீங்க, அடி எனக்குத்தான் விழுகுது!”

வெடி

புதுப் பிளக் போட்ட அவசரத்தில் இரண்டு வயர்கள் இடம் மாறிவிட்டன. இதுவரை அந்தப் பிழையைச் செய்யாத மெக்கானிக் இருந்தால் கையை உயர்த்தட்டும். சாதாரண ஊரில் அப்படி மாறினால் புகைக்குழாயில் ஒரு வெடி கேட்கும், எல்லோரும் சிரிப்பார்கள். எங்கள் ஊர் அப்போது சாதாரண ஊராக இருக்கவில்லை.

டமார்! றோட்டில் சைக்கிளில் போனவர்கள் சைக்கிளோடு படுத்தார்கள். மீன் வாங்க வந்தவர்கள் மீனோடு படுத்தார்கள். ரீச்சர் காரின் கீழே இருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. சந்திச் சென்ரிக் காவலரணிலிருந்து துவக்கோடு ஆமிக்காரர் ஓடிவந்தார்கள். நானா இரண்டு கையையும் தூக்கினார், ஒரு கையில் ஸ்பானர். நான் காரைக் காட்டினேன். வந்தவர்களுக்குப் பெரியவர் புகைக்குழாயை மணந்து பார்த்தார், பொனற்றுக்குள் எட்டிப் பார்த்தார், மாறியிருந்த வயர்களை நானா காட்டியதும் தலையில் கைவைத்துச் சிரித்துவிட்டார். அதன் பிறகுதான் தெரு எழும்பிச் சிரித்தது. பக்கத்துத் தேத்தண்ணிக்கடைக்காரர் மட்டும் வாங்குப்பலகைக்குக் கீழேயே படுத்தபடி, சட்டையெல்லாம் பால்தேத்தண்ணியாக, என்னைக் கூப்பிட்டார்: “தம்பி, அடுத்த முறை ஒரு சத்தம் குடு, கோப்பையை வச்சிட்டுப் படுக்கிறன்.”

கப்பல்துறையில்

வயர்களைச் சரியாக மாற்றினோம். ஓடியது, ஆனாலும் இடைக்கிடை இருமியது. ஸ்ராட்டரும் சோர்ந்து சுற்றியது. பற்றரி பழசு என்று நினைத்தோம். “இன்னும் சுருதி சேரேல்ல” என்றார் ரீச்சர். சோதினையோ விடிந்தால். அதனால் நானும் கூடவே போனேன்.

தம்பலகாமத்தில் பெட்டைகளை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். போகும்போது கையைக் காட்டி விட்டவர்கள், வரும்போது கப்பல்துறைச் சென்ரியில் மறித்தார்கள். எஞ்சினை நிற்பாட்டு, எல்லோரும் இறங்கு, அடையாள அட்டை, பை, கொம்பாஸ் பெட்டி. எல்லாம் பார்த்து முடிந்து ரீச்சர் ஸ்ராட் பண்ணத் திறப்பைத் திருப்பினால், “ஊம்” என்றது, அவ்வளவுதான். சென்ரிக்கு முன்னால் நின்றுபோன காரை அந்தக் காலத்தில் யாரும் சிரித்துக்கொண்டு பார்ப்பதில்லை. ஆமிக்காரரின் முகங்கள் மாறின. ஒரு பெட்டை அழத் தொடங்கினாள். ரீச்சர் இறங்கி, தெரிந்த சிங்களத்தில் பிள்ளைகளைக் காட்டி “விபாகய, விபாகய” என்று சோதினையைச் சொன்னார். இளவயது ஆமிக்காரன் ஒருவன் பிள்ளைகளைப் பார்த்தான், மணிக்கூட்டைப் பார்த்தான், துவக்கை முதுகில் மாட்டினான். மற்றவர்களையும் கூப்பிட்டான். அவர்களும் நானும் தள்ளத் தள்ள, கார் இருமி, துள்ளி, ஒருவாறு பிடித்துக்கொண்டது. பெட்டைகள் ஓடிவந்து ஏறினார்கள். அவன் வேர்த்து விறுவிறுத்து, அரைத் தமிழில் கேட்டான்: “ரீச்சர், நாளைக்கும் சோதினை இரிக்கா? அப்ப நான் லீவு.”

மண்

கொஞ்சத் தூரம் போனதும் ரீச்சர், எஞ்சினைப் பிடிக்கவைக்க இழுத்துவிட்ட சோக் குமிழைத் திரும்பத் தள்ளப் போய், “ஐயோ, சுடுது!” என்று கையை இழுத்தார். சோக் கம்பி புகைந்தது. பின்னால் பெட்டைகள் ஒரே குரலில் கத்தினார்கள். எனக்கு மட்டும் சந்தோஷம், பிழை பிடிபட்டுவிட்டது. “நிப்பாட்டுங்கோ, எஞ்சினை நூராமல் ஓடவிட்டு வச்சிருங்கோ!”

கரண்ட் எஞ்சினிலிருந்து காரின் உடம்புக்குத் திரும்பிப்போக ஒரு தடித்த வயர் வேண்டும். அதை எர்த் என்போம். பழைய எஞ்சினோடு அதுவும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. இரும்புத்துண்டு இருந்தவரை அது வழியாகக் கரண்ட் திரும்பியது. உதறலுக்கு நாங்கள் ரப்பர் வைத்ததோடு அந்த வழியும் அடைபட, எஞ்சினையும் உடம்பையும் தொட்டுக்கொண்டிருந்த பாவம் சோக் கம்பி முழுச் சுமையையும் சுமந்திருக்கிறது. டிக்கியில் பற்றரிக்குப் பற்றரி கொழுவுகிற கேபிள் கிடந்தது. ஒரு முனையை எஞ்சினில் கவ்வவிட்டேன், மறுமுனையைக் காரின் உடம்பில். அந்தக் கணமே இருமல் நின்றது. நாலு அடியும் நாலு அடியாக விழுந்தன. ரீச்சர் ஸ்ரியறிங்கில் தாளம் போட்டார். பெட்டைகளும் போட்டார்கள். நான் பொனற்றைச் சாத்திவிட்டு றோட்டில் நின்று ஆடினேன் என்று பிறகு சொன்னார்கள்.

மணி அடிக்க முன்னமே மண்டபத்துக்கு வந்துவிட்டோம். சென்ரியில் வெளிறிப்போயிருந்த பிள்ளைகள் சிரித்துக்கொண்டு உள்ளே போனார்கள். இறங்கும்போது ஒருத்தி என்னிடம், “எர்த் எண்டா என்ன அண்ணை?” என்று கேட்டாள். “மண்ணுதான் பிள்ளை. காருக்கு மண் இல்லாமல் போச்சு” என்றேன். ரீச்சர் சுட்ட விரலை ஊதிக்கொண்டே திரும்பினார்: “இந்த நாட்டில மண் இல்லாட்டி எல்லாருக்கும் விசர்தானே பிடிக்குது, கார் மட்டும் சும்மா இருக்குமோ?”

எஞ்சின் மாற்றின காரில் பிழை எங்கே என்று மெக்கானிக்குக் கடைசியில் தெரியவரும், ஆனால் அதற்குள் ஊரில் பாதிப்பேர் அதற்காகப் படுத்திருப்பார்கள், மீதிப்பேர் அதைத் தள்ளியிருப்பார்கள்.