பெடலிலிருந்து ஒரு கேபிள்

லேத் பட்டறை நடத்தும் அவரை அந்தத் தெருவே 'லேத் அக்கா' என்று கூப்பிடும். விபத்து ஒன்றில் அவர் கணவரின் இடது கால் மடங்காமல் போனது. கிளட்ச் மிதிக்க முடியாத அவருக்காக, ஆட்டோமேட்டிக் கியருள்ள பழைய கார் ஒன்றை அக்கா தேடிப் பிடித்து வாங்கினார். கணவர் வெளியே போவதென்றால் அதில்தான்.

ஒரு கோடையில் அதன் இன்ஜின் சூடேறி விரிசல் விட்டது. "வித்துடலாம்" என்று கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்காவோ விபத்தில் நொறுங்கிப்போன புதுக் கார் ஒன்றின் இன்ஜினை வாங்கி வந்தார். போல்ட் துளைகள் பழைய கியர்பாக்ஸோடு பொருந்தவில்லை. இரண்டுக்கும் நடுவே வைக்க அலுமினியத் தகடு ஒன்றை அறுத்துத் துளையிட்டுப் பொருத்தினார்.

முதல் ஓட்டத்திலேயே கணவர் முகம் சுளித்தார். "கியர் மாறும்போதெல்லாம் யாரோ பின்னாடி வந்து உதைக்கிற மாதிரி இருக்கு."

பெடலை எவ்வளவு மிதிக்கிறோம் என்பதைப் பழைய கியர்பாக்ஸ் ஒரு கேபிளின் இழுப்பை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். புது இன்ஜினுக்கோ அது மின்கம்பி வழியாகவே போகிறது. கேபிளை இழுக்க எதுவும் இல்லை.

"கியர்பாக்ஸுக்குக் காது கேக்கலைங்க. அதான் கண்டபடி குதிக்குது" என்ற அக்கா, பெடலிலிருந்தே நேராகக் கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிளை மாட்டி, நீளத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தார்.

இருவரும் மறுபடி கிளம்பினார்கள். கடைத்தெரு தாண்டியும் கணவர் வாய் திறக்கவில்லை.

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"எப்ப கியர் மாறுச்சுன்னே தெரியலை. என்னத்தைச் சொல்ல?"

"அப்ப அப்படியே எங்க அண்ணன் வீட்டுக்கு விடுங்க."

"கையெல்லாம் கிரீஸை வச்சுக்கிட்டா?"

"ஏன், அண்ணன் வீட்டுல சோப்பு இருக்காதா?"

கணவர் அந்தப் பக்கமாக வண்டியைத் திருப்பினார்.